காற்றின் எண் 1.4

கவிதைக்கும் விமர்சனத்துக்குமான பக்கங்களில் விஞ்ஞானம் வந்து போவது நமக்குப் புதிதல்ல. சார்பியல் வந்தது. நிச்சயமின்மைக் கோட்பாடு வந்தது. என்ட்ரோபி வந்தது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கட்டுரைகளில் உட்கார்ந்து, உவமையாகி, தேய்ந்து போய்விட்டது. வந்தவற்றில் ஒன்றுகூடத் தன் நிபந்தனைகளைக் கையோடு கொண்டுவரவில்லை என்பது என் நெடுநாள் குறை. நிபந்தனை உதிர்ந்த தேற்றம் பழமொழியாகிவிடுகிறது. பழமொழிகள் நம்மிடம் ஏற்கனவே நிறைய இருக்கின்றன.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது காற்றைப் பற்றிய ஒரு சமன்பாடு. அதற்குத் தீர்வு உண்டா என்று தேடியவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தது. விட்டுக்கொடுத்ததை அவர்கள் மறைக்கவில்லை; தேற்றத்தின் முதல் வரியிலேயே எழுதிவைத்தார்கள். அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது.

சமன்பாடு பழையது. பாரிஸில் நவியே 1822லும் கேம்பிரிட்ஜில் ஸ்டோக்ஸ் 1845லும் வெவ்வேறு பாதைகளில் வந்து சேர்ந்தது. இருவர் பெயராலும் வழங்குகிறது. அதில் இருப்பவை இரண்டே சங்கதிகள். ஓரிடத்துக்குள் வந்த பொருளும் அங்கிருந்து போன பொருளும் கணக்கில் நேராக வேண்டும் என்பது ஒன்று. தள்ளினால் நகரும், உரசினால் மட்டுப்படும் என்பது மற்றது. அந்த உரசலுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் பாகுநிலை. நல்ல சொல். அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் பாகு இழுபடுகிறதே, அந்த இழுபறி காற்றிலும் உண்டு. மிகக் கொஞ்சம், ஆனால் உண்டு.

தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அமுங்குவதில். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது. காற்று அமுங்கும். எங்கள் கொட்டாம்பட்டி மதுரை–திருச்சி சாலையில், மேலூர் தாண்டி இருக்கிறது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் நாள் முழுக்க இந்த ஒரு காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறது. சும்மா கிடக்கும் காற்றைப் பிடித்து நெருக்கி லாரி டயருக்குள் அடைக்கிறது. கல்குவாரியில் வெடி வைத்தால் புழுதி எழுவது முதலில் தெரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவனுக்குச் சத்தம் வந்து சேர மூன்று விநாடி ஆகும். ஓரிடத்து நெருக்கம் அடுத்த இடத்துக்குக் கைமாறிக் கைமாறி வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. காற்று அமுங்காத பொருளாக இருந்திருந்தால் ஒலி அலை என்ற ஒன்றே இருந்திருக்காது.

எவ்வளவு நெருக்கினால் எவ்வளவு எதிர்க்கும்? இதற்குக் காற்று ஒரு எண்ணை வைத்திருக்கிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். அப்படிச் சட்டென்று நெருக்கி அடர்த்தியை இரண்டு மடங்காக்கினால் அமுக்கம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, சுமார் 2.64 மடங்காகிறது. இரண்டின் 1.4ஆம் அடுக்கு அது. இந்த 1.4ஐக் காமா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கிறார்கள். ஹீலியம், ஆர்கான் போன்ற ஒற்றை அணு வாயுக்களுக்குக் காமா 1.67. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்ஸிஜனும். இரண்டிரண்டு அணுக்களாகக் கோத்தவை. அவை சுழலவும் செய்கின்றன. கொடுத்த சக்தியில் கொஞ்சம் அந்தச் சுழற்சியில் போய்விடுவதால் காற்றின் எதிர்ப்பு ஆர்கானைவிடச் சாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீதிக் கதை இதைச் சுற்றித்தான்.

என் அப்பா இந்த ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். கொழு, அரிவாள், மண்வெட்டி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை. தோல் துருத்தியை இழுத்து வளர்ந்தவன் நான். துருத்தியின் மூச்சைக் காதால் கேட்டே தோல் எங்கே விட்டிருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். "காத்து பாதியிலே நிக்குதுடா, மடிப்புல பாரு" என்பார். பார்த்தால் மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும். 1980ல் நான் மதுரையில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படிப்பு என்று ஒருநாள் கேட்டார். காற்றின் ஓட்டத்துக்கு ஒரு சமன்பாடு இருக்கிறது, அதற்குத் தீர்வு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்றேன். சம்மட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காத்துதான் வருதேடா. அப்புறம் இருக்கா இல்லையான்னு என்னத்த ஆராய்ச்சி பண்றீக?"

கேள்வி நியாயமானது. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட ஆட்சேபணைகளில் இதைவிடச் சுத்தமான ஒன்று கிடையாது. காற்று வருகிறது என்பதற்குக் காற்றே சாட்சி. ஆனால் சமன்பாட்டுக்கு அது சாட்சி சொல்ல வராது. நாம் எழுதிவைத்த இரண்டு வரிகளும் காற்றைத்தான் சொல்கின்றனவா, அல்லது காற்று மாதிரி ஆரம்பித்து நடுவழியில் அர்த்தமற்றுப் போகின்றனவா என்பது காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. எந்த நியாயமான துவக்கத்திலிருந்தும் அந்த வரிகள் தொடர்ந்து ஓடுமா என்று வரிகளைத்தான் சோதிக்க வேண்டும். தீர்வின் இருப்பை நிரூபிப்பது என்றால், நம் சொல் முறியாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. அப்பாவின் பாஷையில் சொன்னால், துருத்தியில் ஓட்டை தேடுவது.

ஓட்டை தேடியவர்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962ல் ஜான் நாஷ், மழமழவென்ற துவக்கத்திலிருந்து தீர்வு உண்டு என்று காட்டினார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். விட்டுக்கொடுத்தது காலத்தை. 1980ல் ஜப்பானில் மட்ஸுமுராவும் நிஷிதாவும் எல்லாக் காலத்துக்கும் உண்டு என்று காட்டினார்கள். ஆனால் காற்று ஏறக்குறைய அசையாமல் இருந்து, துவக்கச் சலனம் மிகச் சிறிதாக இருந்தால். விட்டுக்கொடுத்தது அளவை. எந்த அளவுச் சலனமும், எவ்வளவு காலமும் என்று இரண்டையும் கேட்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் பியர்-லூயி லியோன்ஸ் தன் புத்தகத்தில் அதைச் செய்தார். இந்த முறை விட்டுக்கொடுத்தது, தீர்வு என்ற சொல்லின் அர்த்தத்தையே.

அவர் தந்தது நலிந்த தீர்வு. நலிந்த பிரிவினருக்கான சலுகை என்று அரசாங்க அறிவிப்பில் வருமே, அந்த நலிவுதான். இந்தப் புள்ளியில், இந்தக் கணத்தில் காற்றின் வேகம் என்ன, அது எவ்வளவு சடுதியில் மாறுகிறது என்று அதனிடம் கேட்கக் கூடாது. ஒரு சிறு பரப்பின் மேல், ஒரு சிறு கால அளவின் மேல் சல்லடை வைத்துச் சராசரி கேட்டால் சமன்பாட்டுக்குப் பிசகாத பதில் வரும். எந்தச் சல்லடையை வைத்துக் கேட்டாலும் வரும். புள்ளியை இழந்து சராசரியில் உண்மையைக் காப்பாற்றிக்கொள்வது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. வெப்பத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்காமல், அமுக்கம் அடர்த்தியை மட்டும் பொறுத்தது என்று வைத்துக்கொள்வது. இத்தனையும் செய்தபின், முப்பரிமாண வெளியில், லியோன்ஸின் தேற்றம் காமா 1.8 ஆகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்றது. அடர்த்தி ஓரிடத்தில் குவியக் குவிய அமுக்கம் கடுமையாக எதிர்த்தால்தான் நிரூபணம் மூச்சு விடும். ஆர்கானே 1.67தான். ஆக, எல்லா வாயுக்களுக்குமான சமன்பாட்டுக்குத் தேற்றம் கிடைத்தது. நாம் அறிந்த எந்தச் சாதாரண வாயுவும் அதற்குள் அடங்கவில்லை.

2001ல் ஃபெய்ரைஸல், நோவோட்னி, பெட்ஸல்டோவா மூவரும் 1.8ஐ 1.5க்கு இறக்கினார்கள்; 1.5க்கு மேல் எதுவும் சரி. ஹீலியம் உள்ளே வந்தது. ஆர்கான் வந்தது. காற்று வெளியே நிற்கிறது. பாகுநிலை மாறாதது என்று கொண்ட இந்த மாதிரியில், எந்தத் துவக்கமானாலும் என்ற பொதுநிலையில், 1.4 இன்னும் வாசலில்தான். நம் நிரூபணத்துக்குப் போதுமான அளவு காற்று முரட்டுத்தனமாக இல்லை.

நலிந்த தீர்வோடு ஏன் திருப்திப்பட வேண்டும், புள்ளிக்குப் புள்ளி பதில் சொல்லும் தீர்வை இன்னும் முயன்றால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் ஒரு பதில் வந்துவிட்டது. 2022ல் மெர்ல், ரஃபாயேல், ரோட்னியான்ஸ்கி, ஸெஃப்டெல் நால்வரும், துவக்கத்தில் எந்தக் குறையும் இல்லாத ஓட்டம் குறித்த நேரத்துக்குள் ஒரு புள்ளியில் குவிந்து, அங்கே அடர்த்தி எல்லையற்றுப் போகும்படியான தீர்வுகளைக் கட்டிக் காட்டினார்கள். அதே வருஷம் பக்மாஸ்டர், காவ்-லபோரா, கோமெஸ்-ஸெர்ரானோ மூவரும் குறிப்பாகக் காற்றின் எண்ணான 1.4க்கே அப்படி ஒன்றைக் கட்டினார்கள். நம் தெருக் காற்றுக்கு இது நேரும் என்று பயப்பட வேண்டாம். துவக்கத்தை வெகு நுட்பமாகப் பொறுக்கி எடுத்தால்தான் நடக்கும். சமன்பாடு அதைத் தடுக்கவில்லை என்பதே இதில் விஷயம். காற்றின் எண்ணுக்கு, முறிவு உண்டென்று தெரிந்துவிட்டது. முறிவைத் தாண்டியும் ஏதோ ஒரு அர்த்தத்தில் ஓடும் தீர்வு எப்போதும் உண்டென்று தெரியவில்லை. நிலைமை அப்படி.

என் தங்கை மகன் விமானப் பாகங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் வேலையில் இருக்கிறான். லீவுக்கு வந்தபோது மடிக்கணினியில் படம் காட்டினான். இறக்கையின் மேல் சிவப்பு, கீழே நீலம், பின்னால் சுருள் சுருளாக மஞ்சள். அழகாகத்தான் இருந்தது. நான் மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். "மாமா, இதெல்லாம் தெரியாமலே ப்ளேன் பறந்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்றான். தாத்தா கேட்டதையே பேரனும் கேட்டான். நடுவில் ஒரு தலைமுறை. "பறக்குது மாப்ளே. படம் ஏன் சரியா வருதுன்னுதான் கேக்குறேன்" என்றேன். யோசித்தான்; சரியாக வராத படங்களை யாரும் காட்டுவதில்லை என்றான். நேர்மையான பையன்.

கணக்கிடும் முறைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதிர்வலை கம்ப்யூட்டருக்குப் பிடிபடாது. காகிதத் தடிமன்கூட இல்லாத ஓரிடத்தில் அடர்த்தி தாவும். கம்ப்யூட்டரின் கட்டங்களோ அகலமானவை. 1950ல் ஃபான் நாய்மனும் ரிக்ட்மயரும் ஒரு யுக்தி செய்தார்கள். இல்லாத பாகுநிலையை வேண்டுமென்றே சேர்த்து, தாவலைச் சில கட்டங்களுக்குப் பரத்திவிட்டார்கள். செயற்கைப் பாகுநிலை என்று அதற்குப் பெயர். பொய்தான். ஆனால் எவ்வளவு பொய், எங்கே, கட்டம் சிறுத்தால் அது எப்படிக் கரையும் என்று எழுதிவைத்த பொய். பெங்களூரில் தேசிய விமானவியல் ஆய்வகம் 1986ல் நான்கு செயலிகளை இணைத்து ஃப்ளோஸால்வர் என்ற இயந்திரத்தைக் கட்டியது. பாய்மச் சமன்பாடுகளைக் கணக்கிடுவதற்கென்றே கட்டியது. நம் பக்கத்து ஊர்க் கதைதான் இது.

கட்டங்களைச் சிறுக்கச் சிறுக்கப் படம் உண்மையான தீர்வை நெருங்குகிறதா? முப்பரிமாணத்தில், பாகும் அமுக்கமும் கூடிய இந்தச் சமன்பாட்டுக்கு 2013ல் கார்ப்பர் என்ற நார்வேக்காரர் ஒரு முறையைச் சொல்லி, நெருங்குகிறது என்று நிரூபித்தார். நிபந்தனை: காமா 3க்கு மேல். காற்றுக்கு எட்டாத உயரம். 2018ல் ஃபெய்ரைஸலும் லூகாச்சோவாவும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட காமாவுக்கு, அதாவது காற்றையும் சேர்த்து, ஒரு பதில் தந்தார்கள். விட்டுக்கொடுத்தது இன்னும் அதிகம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு இல்லை. எந்த மதிப்பு எவ்வளவு சாத்தியம் என்ற பரவல் மட்டும்தான். ஆனால் கூடவே ஒரு வரி உண்டு: மழமழப்பான தீர்வு ஒன்று இருக்கும் காலம் வரை, கணக்கு அதையே போய்ச் சேரும். என் மருமகனின் படங்களுக்குக் கீழே தரை என்று ஏதாவது இருக்கிறதென்றால் இந்த வகைத் தரைதான். அவனிடம் சொன்னேன். குறித்துக்கொண்டான்.

இதே வேலை நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 1970களில் டாட்டா ஆதார ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் பயன்பாட்டுக் கணிதத்துக்கென ஒரு கிளையைத் தொடங்கியபோது பாரிஸிலிருந்து துணை நின்றவர் ழாக்-லூயி லியோன்ஸ். முன்னால் சொன்ன லியோன்ஸின் தகப்பனார். அந்த மையத்தின் மைதிலி ராமசாமி, ஷிர்ஷேந்து சௌத்ரி, ழான்-பியர் ரேமோன் என்பவரோடு சேர்ந்து 2012ல் வெளியிட்ட ஒரு கட்டுரை என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. கேள்வி இது: ஒரு கோட்டின் மேல் காற்று அசையாமல் நிற்கிறது. அதில் சிறு குலைவு. கோட்டின் ஒரு பகுதியில் மட்டும் கையை வைத்துத் தள்ளி, குறித்த நேரத்துக்குள் குலைவை முழுவதும் அடக்கிவிட முடியுமா? முடியாது என்பது விடை. எவ்வளவு சாமர்த்தியமாகத் தள்ளினாலும் முடியாது. அடர்த்தியில் விழுந்த மிக நுண்ணிய பள்ளங்கள் நகர்வதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, அமுக்கமும் பாகுநிலையும் சேர்ந்து நிர்ணயித்த வேகத்தில்தான் ஆறுகின்றன. எட்டத்தில் உள்ள கை அவற்றை அவசரப்படுத்த முடியாது.

2014ல் சௌத்ரி, தேபாஞ்ஜனா மித்ரா, ராமசாமி, ரெனார்டி நால்வரும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினார்கள். காற்று நிற்கவில்லை, ஒரு வட்டப் பாதையில் சீரான வேகத்தில் ஓடுகிறது. அதே சிறிய பகுதியில் அதே கை. இப்போது முடியும், துவக்க அடர்த்தி ரொம்பக் கரடுமுரடாக இல்லாதவரை. நேரம் மட்டும் காற்று ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரத்துக்கு மேல் வேண்டும். காரணம் எளிது. ஒவ்வொரு பள்ளமும் ஓட்டத்தோடு மிதந்து கைக்கு முன்னால் ஒரு தடவை வந்து போகிறது.

படிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் தோன்றியது. முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகை ஒரு சிறிய கை. சமூகம் நிற்கிற காற்று. நாற்பது வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு பத்துப் பேரைக் கூட்டிவைத்துப் படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் நான், எட்டாத பள்ளங்களை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பொருத்தம். எவ்வளவு ஆறுதல்கூட: குறை கையில் இல்லை, ஓட்டத்தில்.

இப்படி எழுதி முடித்துவிடலாம். எழுதினால் நன்றாகவும் இருக்கும். ஆனால் தேற்றம் ஒரு பரிமாணத்தில் நிற்கிறது. சிறு குலைவுகளுக்கு மட்டும் செல்லும்படி நேர்கோட்டுத்தன்மையாக்கிய சமன்பாட்டில் நிற்கிறது. அந்த நிபந்தனைகளை எழுதியவர்கள் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கொட்டாம்பட்டிக்கு எத்தனை பரிமாணம், மனிதக் குலைவு சிறியதா பெரியதா என்று நான் நிரூபித்த பிறகல்லவா அந்த வரியைக் கடன் வாங்க வேண்டும்? உவமைக்குத் தேற்றத்தின் கடைசி வரி மட்டும் போதுமாக இருக்கிறது. முதல் வரியை அது படிப்பதே இல்லை.

நம் விமர்சனத்தில் இது தினசரி நடக்கிறது. இந்தக் கவிஞர் தமிழ்க் கவிதையின் திசையை மாற்றினார் என்கிறோம். எந்தக் கவிதைகளைப் படித்துவிட்டு, எத்தனை வருஷத்து ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு இதைச் சொல்கிறோம் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் வாக்கியத்தின் கம்பீரம் குறையும் என்ற பயம். நாஷின் தேற்றத்தில் "கொஞ்ச நேரத்துக்கு" என்ற சொல் இருக்கிறது. அதனால் அந்தத் தேற்றம் சிறுத்துப் போகவில்லை. அடுத்து வந்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. நிபந்தனை எழுதாத விமர்சனத்தை மறுக்கவும் முடிவதில்லை, நீட்டவும் முடிவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து சண்டையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கணிதத்தின் நிச்சயத்தை இலக்கியத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் நிச்சயத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அதன் அறியாமை எனக்குப் பிடிக்கும். காற்றைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியாது என்று அதனால் அளந்து சொல்ல முடிகிறது. தேற்றம் 1.5க்கு மேல். காற்று 1.4. நடுவில் இருப்பது பத்தில் ஒரு பங்கு. 2001லிருந்து அது அப்படியே கிடக்கிறது.